குனிந்தவள் நிமிரவில்லை

விடுதியில் அவளுக்கு மின்னல் என்று பேர். ஒரு பகலுக்குப் பதினாலு அறை. கனத்த மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் விரிப்பைச் செருகி, கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த மூலைக்குப் போய்விடுவாள். பிரசவம் முடிந்து நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். முதல் மெத்தையைத் தூக்கியதுமே இடுப்பில் யாரோ ஆணி இறக்கியது போலிருந்தது.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று நாத்தனார் அடித்துச் சொன்னாள். உலகத்தில் நீ ஒருத்திதான் பெற்றாயா என்று புருஷன் கேட்டான். கோபமாகக்கூட இல்லை, சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். அதற்கப்புறம் அவள் மூச்சு விடவில்லை. மண்டியிட்டு மெத்தை விரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். தும்மல் வந்தால் பயந்தாள்.

குழந்தைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் குளியல் தொட்டியைத் தேய்க்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. விளிம்பைப் பிடித்தபடியே கால் மணி நேரம் நின்றாள். தேடி வந்த மேற்பார்வைக்காரி எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவள். அன்று அவளே கைத்தாங்கலாக அழைத்துப்போய், விருந்தாளியின் கட்டிலிலேயே படுக்க வைத்தாள்.

"எத்தன நாளா இருக்கு?"

"புள்ள பொறந்து வேலைக்குத் திரும்புனதுலேருந்துக்கா."

"எனக்குப் பதினாறு வருஷமாச்சு. சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு நானும் வாயத் தொறக்கல. நீயாவது போய்க் காட்டு."

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற டாக்டரம்மா, ஊசியின் மேல் பழி போட வேண்டாம் என்றாள். வயிறும் இடுப்பும் தளர்ந்து கிடந்த நேரத்தில் பாரம் தூக்கியதுதான் வினையாம். கொஞ்ச காலத்துக்குக் குனிந்து எதையும் தூக்கக்கூடாது. குழந்தையையுமா என்று இவள் கேட்டாள். உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

விடுதியில் துண்டு மடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஜன்னலில்லாத கீழ்த்தள அறை. மின்னல் என்ற பேரை அடுத்த வாரமே வேறொருத்திக்கு வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த பயிற்சிக் காகிதத்தைப் புருஷன் இரண்டு முறை வாசித்துவிட்டு, மறுநாள் முதல் தண்ணீர் வாளிகளைத் தானே தூக்கினான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வலி பாதி குறைந்தது. மீதி அப்படியே தங்கிவிட்டது.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் தரையில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக் கை நீட்டினாள். குழந்தை அவளைத் தாண்டித் தவழ்ந்துபோய், நின்றுகொண்டிருந்த அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. நாத்தனார் கையைப் பிசைந்தாள்.

"தூக்கிக்கங்க அண்ணி," என்றாள் இவள். "அழப்போறா."

பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அன்றைய பயிற்சியை எண்ணத் தொடங்கினாள்.