வேலியோரம் நோரீன் வைத்த வாட்டில்

எங்கள் எதிர்வீட்டு நோரீன் டிரெசைஸ், மகள் பெத் நினைவாக முன்வாசலில் ரோஜா நட்டிருந்தாள். பெத் நர்ஸாக இருந்தவள். வேலைக்குப் போகும் வழியில் சரளைச் சாலையில் கார் புரண்டு இறந்துபோனாள். அடுத்து வந்த வறட்சியில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று நகராட்சியில் தடை போட்டார்கள். ரோஜாச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின.

"இன்னொண்ணு சாகறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல," என்றாள் என்னிடம்.

அந்தக் கோடையில் சாலையோரத்து வாட்டில் புதரில் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வந்தாள். மழையே இல்லாவிட்டாலும் மஞ்சளாகப் பூக்கும் எங்கள் ஊர்ப் புதர் அது. பெத் சின்ன வயதில் அதை ஒடித்துவந்து ஜாடியில் வைப்பாள். விதையின் கெட்டித் தோல் இளகக் கொதிநீர் ஊற்றி, ஊறவைத்து, தொட்டிகளில் போட்டாள் நோரீன்.

அவள் கணவன் கிளெம் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்தவன். சிரித்தான். "காலம் பூரா டிராக்டர்ல சங்கிலி கட்டி இழுத்துப் போட்டேன் இந்தச் சனியன. நீ தாலாட்டி வளக்கிறியா?"

"உன் தாலாட்டு இல்லாமலே வளரும். போய் டீயக் குடி."

குளிர்காலத்தின் முதல் மழையில் கன்றுகளை வேலியோரம் நட்டாள். விரல் உயரம்தான் இருக்கும்; புல்லோடு புல்லாகத் தெரிந்தது. ஒரு வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, கிளெம் வழக்கம்போல வேலியோரம் களைக்கொல்லி அடித்தான். அவள் திரும்பி வந்தபோது எல்லாம் பழுத்துச் சுருண்டிருந்தன.

நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன். அவள் கத்தவில்லை.

"அது பெத்துக்கு வச்சது, கிளெம்."

"களைன்னு நெனச்சேன்... அவளுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அடக்கம் பண்ணின நாள்லேருந்து அவ பேர எடுத்தாலே நீ எழுந்து போயிடுற. எப்படிச் சொல்றது?"

அவன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மகளைப் புதைத்த அன்று கலங்காத மனிதன், செத்த கன்றைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நோரீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த கோடையில் நெற்று பறிக்க இருவரும் சேர்ந்தே போனார்கள். நட்டபின் கன்றுகளுக்கு அவன்தான் காவல். பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவான். நாய் நெருங்கினால் திட்டுவான். போகவர பெத்தைப் பற்றி எங்களிடமும் பேசினான்.

பூக்கிறவரை அவன் உயிரோடு இல்லை. மாரடைப்பு.

சில வருடம் கழித்து, குளிர் முடியும் ஆகஸ்டில் வேலி முழுக்க மஞ்சள். நின்று பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நோரீன் தலையசைத்தாள்.

"செடி நல்லாத்தான் இருக்கு," என்றாள் என்னிடம். "பூத்திருக்குன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல?"