குளத்தை இடம் மாற்றிய கட்டுரை

அந்தக் கண்ணாடித் தகடு கைக்கு வந்த நாட்களில் நான் சற்றுத் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பூங்கா ஒன்றில் எடுத்த நிலக்காட்சியின் நெகட்டிவ் அது. ஒரு படம் பதிய அன்று பல நொடிகள் ஆகும்; அதனால் நடந்து போனவர்களெல்லாம் புகையாகக் கரைந்திருந்தார்கள். பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் ஒருவர் மட்டும் தெளிவாக விழுந்திருந்தார்.

என்னைப் பிடித்துக்கொண்டது குளம்தான். இன்று அந்தப் பூங்காவுக்குள் நுழைந்தால் நடைபாதைக்கு இடப்பக்கம் இருக்கும் குளம், நான் ஸ்கேன் செய்து எடுத்த படத்தில் வலப்பக்கம் இருந்தது. பழையதைத் தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இதுவரை எவரும் எழுதாத செய்தி! பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக எழுதி அச்சிட்டேன். ஆவடியில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஞாயிறு காலை அதைப் பற்றிப் பேசவும் ஒப்புக்கொண்டேன்.

முந்தைய நாள் காலை, கூட்டத்துக்கென்று தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்க அம்பத்தூரில் டெய்லர் அண்ணன் கடைக்குப் போனேன். பெருமை தாங்காமல் குளத்தின் கதையைச் சொல்லி, பெரிதாக அச்சிட்ட படத்தை அவர் மேசையில் விரித்தேன். அவர் குளத்தைப் பார்க்கவே இல்லை.

“இன்னா சார், இந்தாளு கோட்டுல மேல்பாக்கெட்டு வலப்பக்கம் கீது? பட்டனும் மாறிக்கீது.”

“அந்தக் காலத்து மோஸ்தரா இருக்கும் அண்ணே.”

“எந்தக் காலமா இருந்தா இன்னா? சோத்துக்கை அங்க எப்டி சார் பூரும்?”

படத்தைத் தூக்கி, சட்டை போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன் பிடித்தார். பாக்கெட் இடப்பக்கம் வந்தது. கூடவே குளமும் இன்றைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. தகட்டின் பளபளப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று பார்க்காமல் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்திருந்தேன்.

“அப்போ கொளத்த வெட்னது நீங்கதானா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று வீடு வரைக்கும் யோசித்தேன். போனேன். ஆளுக்கொரு கட்டுரையைக் கையில் கொடுத்து, அது எப்படித் தப்பானது என்பதையே பேசினேன். எங்கள் வட்டத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்க்காத ஒரே கூட்டம் அதுதான்.

அண்ணன் இப்போது கடையைத் திருமழிசைக்கு மாற்றிவிட்டார். பழைய படம் எது கிடைத்தாலும் முதலில் அவருக்குத்தான் கைபேசியில் அனுப்புகிறேன். போன வாரம் அனுப்பியதற்குக் குரலிலேயே பதில் வந்தது: “படம் நேராத்தான் கீது சார், தைரியமா எய்துங்க. கோட்டு தச்சவன்தான் சரியில்ல. தோள்ல ரெண்டு இஞ்சு தொங்குது.”