பெயர் கேட்காத டோக்கன்

என் சித்தி ஒரு தளபதி. அவள் நில் என்றால் நாற்பது பேர் நிற்பார்கள், ஓடு என்றால் ஓடுவார்கள். பகலில் அதே சித்தி சலவைக்கூடத்தில் உட்கார்ந்து அடுத்தவர் சட்டைக் காலரில் டோக்கன் குத்துகிறாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது போன மாதம் வரைக்கும் மூன்று பேருக்குத்தான் தெரியும்: சித்திக்கு, எனக்கு, சித்தியின் பூனைக்கு. பூனை யாரிடமும் சொல்லாது. என்னைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சித்தியின் கவலை.

முதலில் சலவைக்கூடம். எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. இரண்டு ஓட்டல், ஒரு ஆஸ்பத்திரி, அது போக கவுண்டரில் வந்து விழும் சில்லறைத் துணி. உள்ளே போனால் ஆவி முகத்தில் அறையும். ஏழு மெஷின் ஒரே நேரத்தில் உறுமும்போது பக்கத்தில் நிற்பவர் திட்டினால்கூடக் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் நிம்மதியாகத் திட்டிக்கொள்வார்கள்.

டோக்கன் என்பது அரை விரல் நீளத் துணித்துண்டு. அதில் ஒரு எண். அதே எண் போட்ட சீட்டு, துணி கொடுத்தவர் கையில் இருக்கும். கொதிநீரில் உருண்டாலும் எண் அழியாது. துவைப்பவருக்கோ பிழிபவருக்கோ அது யார் சட்டை என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பதினோரு வருடத்தில் சித்தி ஒரு சட்டையைக்கூட ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை.

குத்துவதற்கு முன்னால் பைகளைத் துழாவ வேண்டும். மாத்திரை அட்டை வரும். கடித்த பென்சில் வரும். காதல் கடிதமும் ராஜினாமா கடிதமும் ஒரே பையிலிருந்து வந்திருக்கின்றன. கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, மேலே எண்ணை எழுதி, துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். என்ன இருந்தது என்று யாரிடமும் மூச்சு விட மாட்டாள். ஒருமுறை மேற்பார்வையாளரின் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துவிட்டு, அரைமணி நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாளாம். இதைச் சொன்னது உருளை அக்கா. சூடான உருளையில் படுக்கை விரிப்புகளை நுழைக்கிற வேலை அவளுக்கு. எங்கள் பக்கத்து வீடு. அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் தெருவுக்கே விழுந்த மாதிரி. என்ன எடுத்தாள் என்று உருளை அக்காவுக்கும் தெரியவில்லை. நான் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

சித்தி விளையாட்டுக்கு வந்ததற்குக் காரணம் நான்தான், ஆனால் பெருமைப்படுகிற காரணம் இல்லை. உருளை அக்கா வீட்டு அழைப்பு மணியில் ரப்பர் பல்லி ஒன்றை ஒட்டி வைத்தேன். அக்கா போட்ட கூச்சலில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார். தண்டனையாக என் போனைப் பிடுங்கிக்கொண்டாள் சித்தி.

"இதுல அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கிறேன். மூணு நாள் கழிச்சு வாங்கிக்கோ."

இரண்டு வருடம் ஆகிறது. போன் இன்னும் சித்தியிடம்தான்.

அந்தப் போனில் ஒரு கோட்டை விளையாட்டு இருந்தது. நான்கு வாசல், ஒரு ஆட்டத்துக்கு நாற்பது காவலர்கள். வெளியே இருந்து வேறொரு கும்பல் வந்து முட்டும். சித்தி சொந்தப் பெயரும் சொந்தப் படமும் போட்டுச் சேர்ந்தாள். வாசலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் முப்பது பேர் ஹாய் சொன்னார்கள். வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒருவன் விசாரித்தான். "கிழக்கு வாசல் உடையப் போகுது, அங்க போங்க" என்று சித்தி எழுதினால், "நீங்க சமையல் வாசலைப் பாருங்க அக்கா" என்று பதில். ஐந்தே நிமிடத்தில் கிழக்கு வாசல் உடைந்தது.

அந்தக் கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்கு தொடங்கினாள். பெயர் நான் வைத்தது. மைக்கைத் திறக்கவே மாட்டாள், எழுதுவது மட்டும்தான். மூலையில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், எல்லாவற்றையும் கவனிக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஊமைக்கோட்டான். பதிலுக்கு எனக்கு அவள் வைத்த பெயர் அரைவேக்காடு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட உனக்கு அந்த அரையே அதிகம் என்றாள்.

ஊமைக்கோட்டான் சொன்னதும் அதே பேச்சுத்தான். ஆனால் இந்தத் தடவை எல்லோரும் ஓடினார்கள். ஆறே மாதத்தில் தளபதி ஆக்கினார்கள். நெருக்கடி வந்தால் சித்தி ஒரே வரிதான் எழுதுவாள்: "ஒரு வாசல் மட்டும் பாருங்க. மத்தது நிக்கும்." எந்த வாசல் என்று யாராவது கேட்பார்கள். சொல்வாள். நிற்கும்.

அவளுடைய படையில் மிகவும் விசுவாசமான வீரன் பெயர் புயல்வேந்தன். தளபதி சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான் போலிருக்கும். ஒருநாள் மதிய இடைவேளையில், சித்தி விரிப்பு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது புயல்வேந்தன் எழுதினான்: "ஒரு நிமிஷம் தளபதி, இங்க நாலாவது மெஷின்ல தண்ணி கசியுது."

சித்தி தலையைத் தூக்கினாள். எதிரே நாலாவது மெஷினில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் போனும் ஒரு கையில் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தார் மேற்பார்வையாளர்.

சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் விசில். கோபம் வந்தால் மூக்கால் அப்படி ஒரு சத்தம் வரும், தினமும் வரும். சித்தியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் டோக்கன், தூங்குறியா? கை ஓடலையா?" என்பார். அன்றைக்கும் வாளியை வைத்துவிட்டு அதையே சொன்னார். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்து எழுதினார்: "வந்துட்டேன் தளபதி. மன்னிச்சுக்கோங்க. உத்தரவு?"

அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து பூனையிடம்தான் முதலில் சொன்னாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருவன் வேலையைக் காட்டினான். ஒரே ஆள் ஆறு கணக்கு வைத்துக்கொண்டு ஆறு பெயரில் குழுவுக்குள் வந்து, ஒரு முக்கியமான ஆட்டத்தில் எதிரிக்கு வாசலைத் திறந்துவிட்டான். குழுவின் நிர்வாகி கொதித்துப் போனார். மறுநாள் அறிவிப்பு வந்தது: முந்நூறு உறுப்பினர்களும் அடையாள அட்டையில் உள்ள பெயர், முகப்படம், வேலை பார்க்கும் இடம் மூன்றையும் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். போடாதவர்களுக்கு இறுதிப் போட்டியில் இடமில்லை. இரண்டு வாரம் கெடு. முன்மாதிரியாக நிர்வாகி தன்னுடையதைப் போட்டிருந்தார். பல் டாக்டர். நல்ல சிரிப்பு. "நேர்மையானவங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று கீழே எழுதியிருந்தார்.

சித்தி அதை இரண்டு தடவை படித்தாள்.

"பேர் போட்டா விசில் பார்ப்பான்."

"பார்த்தா என்ன சித்தி? வேலையை விட்டுத் தூக்கிடுவாரா?"

"தூக்குறது அப்புறம். டோக்கன் சொல்லி நான் கேட்கணுமான்னு அவன் ஒதுங்கி நின்னுட்டான்னா? அவன் ஒதுங்கினா பத்துப் பேர் ஒதுங்குவாங்க. இறுதிப் போட்டியில நாலு வாசலும் போச்சு."

"பேர் போடலைன்னா?"

"அப்பவும் போச்சு. நான் வெளியே."

அவளுக்கு அந்தக் கோட்டையை விட்டால் வேறு இடம் இல்லை. இதை அவள் சொல்லவில்லை. போனைத் துடைத்து, ஆணியில் மாட்டியிருந்த பைக்குள் வைத்த விதத்தில் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தால் குறும்பு வரும். பல் டாக்டரின் பெயரை வைத்துக்கொண்டு, வேறொரு போனில் தேட ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் கிளினிக். பதினைந்தில் அவர் வண்டி. முழங்கால் வலிக்கு அவர் வாங்கிய பெல்ட்டைத் திட்டி எழுதிய விமர்சனம். சிரித்துக்கொண்டே போனேன். நாற்பதாவது நிமிடத்தில், பரிசு வாங்கிய மகளின் படம் வந்தது. சீருடை, பள்ளிக்கூடம், பின்னால் பேருந்து நிறுத்தம், எத்தனை மணிக்கு வண்டி வரும் என்பது வரை. சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதுகூட இருக்காது.

ஆனாலும் நான் நான்தானே. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் குழுவில் போடத் தயாரானேன். சித்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

"மறைக்க ஒண்ணும் இல்லைன்னாரே, அதான் காட்டப் போறேன். நாளைக்கு மூஞ்சியை எங்க வச்சுப்பார்னு பாருங்க."

"அவர் சட்டைப் பையில கையை விட்ட. சரி, கிடைச்சிருச்சு. அதை உறையில போட்டு அவர் கையில கொடு. கவுண்டர்ல பரப்பி வச்சு நாலு பேரைக் கூப்பிடாத."

"ரொம்ப உப்புச்சப்பில்லாம இருக்கும் சித்தி."

"இருக்கட்டும். பிள்ளை நிக்கிற இடத்தை மட்டும் கடைசியில எழுது. முதல்லயே எழுதினா மனுஷன் பயந்துருவார்."

அவருக்கு மட்டும் அனுப்பினேன். பிறகு அவர் பதிவு காணாமல் போனது. அப்புறம் ஒரு வரி வந்தது: "நாப்பது நிமிஷமா?" அதற்குப் பிறகு இன்னொன்று: "எல்லாருக்கும் முன்னாடி போடாம விட்டதுக்கு நன்றி. ஆனா அந்த ஆறு கணக்குக்காரனை நான் எப்படித் தடுக்கிறது? வேற வழி இருந்தா எழுதச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை ஓட்டுக்கு விடுறேன்."

சித்தி எழுதினாள். சாப்பாட்டு மேசையில், பழைய டோக்கன் புத்தகத்தின் பின்பக்கத்தில், நான்கு தடவை அடித்து எழுதினாள். சலவை என்ற வார்த்தை வந்துவிடக் கூடாது, விசில் மோப்பம் பிடித்துவிடுவார் என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். கடைசியில் குழுவில் போட்டது இதுதான்:

"ஆறு கணக்கு வைத்திருந்தவனுக்கு ஆறு அடையாள அட்டை செய்யத் தெரியாதா? பெயர் கேட்டால் நல்லவர்கள் உண்மையைத் தருவார்கள், அவன் பொய்யைத் தருவான். ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். உள்ளே இருக்கிற இரண்டு பேர் அந்த எண்ணுக்குப் பொறுப்பு ஏற்கட்டும். அது தப்பு செய்தால் மூன்று எண்ணும் வெளியே. யார் என்று தெரிய வேண்டாம். நேற்று வந்த அதே ஆள்தான் இன்றும் வருகிறார் என்று தெரிந்தால் போதும். பெயரை ஒருவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்."

சண்டை பிடித்துக்கொண்டது. எண் கொடுக்க இது என்ன சிறைச்சாலையா என்றார் ஒருவர். இதெல்லாம் நடக்காது, உலகத்தில் எங்காவது இப்படி நடந்திருக்கிறதா என்றார் இன்னொருவர். ஓட்டு இழுபறியாக நின்றது. அப்போது புயல்வேந்தன் களத்தில் குதித்தான்.

"நான் ஒரு பெரிய சலவைக்கூடத்தை நடத்துறேன். ஆயிரம் சட்டை வருது, ஒருத்தர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. எல்லாம் எண்தான். நான் கொண்டுவந்த முறை. பதினோரு வருஷமா ஒரு சட்டை ஆள் மாறினது இல்லை. தளபதி சொல்றது நூத்துக்கு நூறு நடக்கும்."

சித்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். பூனை பயந்து அலமாரி மேல் ஏறியது.

"வந்து நாலு வருஷம் ஆகலை, பதினோரு வருஷமாம். சட்டைக்கு எண் போடுற பக்கமே வந்ததில்லை."

"இவர் எதுக்கு சித்தி இவ்வளவு வரிஞ்சு கட்டுறார்?"

"போன மாசம் அரையிறுதி அன்னைக்கு வயித்து வலின்னு லீவு போட்டான். அன்னைக்கு விளையாடினது அவன்தான்னு முதலாளிக்குத் தெரியலாமா?"

சலவைக்கூடத்துக்காரர் சொன்னபிறகு ஓட்டுகள் மளமளவென்று விழுந்தன. இருநூற்றுப் பதினாலுக்கு ஐம்பத்தெட்டு. முதல் எண்ணைத் தளபதி எடுத்துக்கொள்ளட்டும் என்றார் பல் டாக்டர். சித்தி மறுத்துவிட்டாள். வரிசையில் வந்தது நூற்று முப்பத்தேழு. அதையே வாங்கிக்கொண்டாள். ஊமைக்கோட்டான், நூற்று முப்பத்தேழு. அடுத்த சனிக்கிழமை மதியம் இறுதிப் போட்டி. மூன்று வாசல் உடைவது போல் ஆடியது, நாலாவதைத்தான் பார்க்கச் சொன்னாள் சித்தி. கோட்டை நின்றது. கோப்பையைப் போனுக்குள்தான் தந்தார்கள் என்றாலும் நான் வாசலில் ஒரு தகர டப்பாவைத் தட்டி ஊர்வலம் போனேன். காரணம் கேட்டவர்களிடம் பூனைக்குப் பிறந்தநாள் என்றேன்.

இனி வருவது உருளை அக்கா சொன்னது. அவள் மூன்று விதமாகச் சொன்னாள். மூன்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்கு அறுநூறு விரிப்பு நான்கு மணிக்குள் போக வேண்டும். அங்கே அறுவை சிகிச்சைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். அன்று பார்த்து உலர்த்தும் மெஷின் ஒன்று நின்றது. ஒரு ஆவிக் குழாய் பீய்ச்சியது. ஓட்டல் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. கவுண்டரில் ஒருவர் திருமணக் கோட்டுக்காகக் கத்தினார். விசில் நாலு பக்கமும் ஓடினார். ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றுக்கு ஓடினார். மூக்குச் சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டியது.

சித்தி டோக்கன் ஊசியைக் கீழே வைத்தாள். எழுந்து அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"ஒரு வாசல் மட்டும் பாருங்க. மத்தது நிக்கும்."

விசில் அப்படியே நின்றார். கையில் இருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சித்தியைப் பார்த்தார். ஊசி குத்தி ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்களைப் பார்த்தார். உருளை அக்காவின் கணக்குப்படி அதற்குள் இரண்டு விரிப்பு உருளைக்குள் போய் வெளியே வந்துவிட்டன.

பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எந்த வாசல்?"

"உலர்த்துற மெஷின். ஆளை எல்லாம் அங்க போடுங்க. கோட்டுக்காரரும் ஓட்டலும் அரைமணி காத்திருக்கலாம். ஆஸ்பத்திரி காத்திருக்காது."

"சரிங்க" என்றார் விசில்.

மூன்று ஐம்பதுக்கு அறுநூறு விரிப்பும் வண்டி ஏறின. சாயங்காலம் அவர் சித்தியின் மேசைக்கு வந்து, அங்கே இல்லாத தூசியைக் கையால் தட்டிவிட்டு, "நீங்க நாளைக்கு அரைமணி லேட்டா வந்தாக்கூடப் பரவாயில்லை" என்றாராம். டோக்கன் என்று கூப்பிட அதன்பிறகு அவருக்கு வாய் வரவில்லை. குழுவிலும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை ஆட்டத்தில் முதல் ஆளாக வந்து, "உத்தரவு, தளபதி?" என்று எழுதினார், வழக்கம் போல.

எனக்குத்தான் ஆறவில்லை.

"இவ்வளவு பாடுபட்டுப் பேரை மறைச்சுட்டு, நீங்களே போய்க் காட்டிக் கொடுத்துட்டீங்களே சித்தி."

"அவன் பிடுங்கலையே. நானாத்தானே கொடுத்தேன்" என்றாள், பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டே.

சந்தோஷமாக இருக்கிறாள், இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு விசில் சட்டைப் பையில என்னதான் இருந்துச்சு?"

சித்தி கையை நீட்டினாள்.

"சீட்டு வச்சிருக்கியா? எண்ணைச் சொல்லு, உறையோட தர்றேன்."