இரண்டாந்தரம் அளந்தவரோ?

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்தது, நோயாளிகள் சொன்ன பதில்களைக் கணினியில் ஏற்றும் வேலை. சுன்னாகம் வீட்டில் அவர் வாசித்தார், நான் தட்டினேன்.

“பருத்தித்துறை, தனி டொக்டர். பிறஷர் கூடக் காட்டினது. இரண்டாந்தரம் அளந்தவரோ எண்டு கேட்டன். மனிசி சொல்லுது, ‘என்ரை மருமகன் ஆரின்ரை பொடியனெண்டுதான் டொக்டர் இரண்டுதரம் கேட்டவர்’ எண்டு.”

“அப்பா, உதை நான் எங்கை போடுறது?”

“இல்லை எண்டு போடு, பிள்ளை.”

சிரித்தார். அடுத்த ஞாயிறு, தேவாலயத்துக்கு வெளிக்கிடும்போது மாரடைப்பு.

அப்பா, ஜெபநேசன், மின்சாரசபையில் மீட்டர் வாசித்து ஓய்வுபெற்றவர். வலிகாமத்தில் தன்னைக் கலைக்காத நாய் இல்லை என்பார். அம்மா வினிபிரட் இறந்தபின் அவர் ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை.

நான் புள்ளிவிபரவியல் படித்தவள். எங்கள் ஆய்வின் கேள்வி இதுதான்: அரச கிளினிக், தனி டொக்டரின் டிஸ்பென்சரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வகையைப் பொறுத்து, மருத்துவ வழிகாட்டியைப் பின்பற்றுவது மாறுகிறதா? இரத்த அழுத்தம் கூடக் காட்டினால், நோயாளியைப் பேசாமல் இருத்தி மறுபடி அளக்கச் சொல்கிறது வழிகாட்டி. எங்கள் பக்கத்தில் கையில் பட்டியைச் சுற்றியதும் டொக்டர் ஊர் விசாரிக்கத் தொடங்கிவிடுவார். வெளியே வருபவர்களிடம் கேட்க ஆள் தேவைப்பட்டது. அப்பா தானாக வந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கிளினிக் வரிசையில் காக்கவைக்க மனமில்லாமல், அம்மாவைப் பண்டத்தரிப்பில் தெரிந்த டொக்டரிடம் கூட்டிப்போனது அவர்தான். அம்மா வாயோயாத கதைக்காரி. டொக்டரும் அப்படி. அழுத்தம் கூடக் காட்டியது. “கதைச்சபடியாலைதான் அக்கா, ஒண்டுமில்லை” என்று பட்டியைக் கழற்றிவிட்டார். அந்த மாதமே பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அம்மா எழும்பவில்லை.

“கிளினிக்கிலை எண்டால் திருப்பி அளந்திருப்பினமோ?” என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

“இந்த ஆய்வு முழுக் கூட்டத்துக்குத்தான் பதில் சொல்லும் அப்பா. அம்மாவுக்குச் சொல்லாது.”

“கூட்டத்துக்கெண்டாலும் சொல்லட்டும்.”

முடிவு நேற்று வந்தது. மூன்று வகைக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே வகைக்குள் டொக்டருக்கு டொக்டர்தான் மாறுகிறது. அடுப்படியில் நின்று ஒருமுறை சத்தமாக வாசித்தேன். கேட்க ஆளில்லை.

ஓர் இடத்தின் தரவு மட்டும் இல்லை. பண்டத்தரிப்பு டிஸ்பென்சரி. அப்பா மழை என்றார், முழங்கால் என்றார், டொக்டர் வெளிநாடு போய்விட்டார் என்றார். வேறு ஆளை அனுப்பவா என்று கேட்டபோதெல்லாம் மறித்தார்.

“அதை ஒருத்தரிட்டையும் குடுக்காதை பிள்ளை. நான் போறன்.”