சைவத் தெருவில் ஒரு விரால்

என் கணவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நாங்கள் குடியிருந்தது திருநெல்வேலி டவுணில், கருவாடு விற்கிறவள் கூடையை மூடிக்கொண்டு வாய் திறக்காமல் நடந்துபோகும் ஒரு சைவத் தெரு. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோவில் தெப்பக்குளத்தில் பொரி போட்டால் மீன் வாயைத் திறந்துகொண்டு வரும்; அதற்கு மேல் மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்தார். மீன் இலாகா துரை ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, தாமிரபரணி மீன்களை வண்ணத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்று சொல்லிவிட்டார்.

"செத்த மீன எழுதப்பிடாதாம். உசிரு போன கையோட நெறமும் போயிருமாம். உசிரோட வச்சு எழுதணும்னு சொல்லுதாரு" என்றார்.

"எங்கன வச்சு எழுதப் போறீங்க?"

அவர் நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் பார்த்தார். அவர் பார்த்தது பரண்மேல் இருந்த என் சீர்ப் பாத்திரங்களை.

ஆற்றில், குறுக்குத்துறையில் வலை போடுகிற ஒருவரிடம் ஏற்பாடு செய்தார். அந்த ஆள் வாரத்தில் இரண்டு நாள் பின்வாசல் வழியாகப் பானையில் மீன் கொண்டுவருவார். என் கணவர் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். மீன்கள் பகலெல்லாம் என்னோடு.

முதல் வாரமே ஆறு மீன் செத்துப்போயின. தப்பு என்னுடையதுதான். வீட்டுக்கு விருந்தாக வந்தவையாயிற்றே என்று, என் அம்மா கொடுத்த செப்பு அண்டாவைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி, அதில் கெண்டைகளை விட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மீன்கார அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, செம்புல விட்டா மீனு பொழைக்குமா? களிம்பு தண்ணியில எறங்குமே. மண்பானையா வாங்குங்க. பானையத் தேய்க்காதீங்க. பாசி புடிச்சா புடிக்கட்டும். தண்ணி மாத்தும்போது பாதியத்தான் மாத்தணும்."

தேய்க்காமல் ஒரு பாத்திரத்தை வைத்திருப்பது எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது. ஆனாலும் வைத்திருந்தேன்.

அடுத்தது குரவை. அது துள்ளுகிறதே என்று பானையில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, தட்டைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். மறுநாள் அதுவும் போய்விட்டது. மீன்கார அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "அது மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி. நீங்க அதத் தண்ணிக்குள்ள அமுக்கிக் கொன்னுட்டீங்க" என்றார். தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன் ஒன்று உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு குரவைக்கும் விராலுக்கும் பானையில் ஒரு சாண் காலியாக விட்டு, வாயை வலைத்துணியால் கட்டினேன். ஆரலுக்கு மணல் வேண்டும்; மணல் போட்ட நிமிஷமே உள்ளே புகுந்துகொண்டு மூக்கை மட்டும் நீட்டும். அவர் அந்த மூக்கையே மூன்று நாள் எழுதினார்.

மீன்கள் பிழைக்கத் தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. ஐப்பசி மழை. பனையேறிக் கெண்டை என்று ஒன்று உண்டு. செவுளை ஊன்றி ஊன்றித் தரையில் நடக்கும். ஒரு விடியற்காலையில் அது துணிக்கட்டை நெகிழ்த்துக்கொண்டு வெளியேறி, முன்வாசல் ஓடையில் இறங்கி, மழைத் தண்ணீரோடு தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் ஏறிவிட்டது. எதிர்வீட்டு மதினி கோலப்பொடி டப்பாவோடு கதவைத் திறந்தாள். போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது.

நான் ஈரத்துணியோடு ஓடி மீனைச் சுற்றி எடுத்தேன். மதினி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஏளா, கொல்லைப்பக்கம் மீன்காரன் வாரதும் வெறும் பானையோட போறதும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வாரதெல்லாம் எங்க போவுது?"

அன்று மாலையே விசாரணைக்கு மூன்று பெரியவர்கள் வந்தார்கள்: ரிட்டயரான தாசில்தார், ஜவுளிக்கடைக்காரர், மதினியின் மாமனார். என் கணவரிடம் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். மூவரும் சொல்லிவைத்தாற்போல் வேண்டாம் என்றார்கள்.

தாசில்தார்தான் பேசினார். "என்னவே மாஸ்டர், தெருவுல ஒரு மாதிரியாப் பேசுதாக. நான் நம்பல. ஆனா கேக்காம இருக்க முடியுமா?"

என் கணவர் எதையும் குறித்துவைக்கிற மனிதர். நோட்டை எடுத்துவந்து நீட்டினார். இதுவரை வீட்டுக்கு வந்த மீன் இருபத்தெட்டு. செத்தது ஏழு. தாசில்தார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, பானை பானையாகக் குனிந்து எண்ணினார். ஆரலை மணலிலிருந்து கிளப்பியும் எண்ணினார். பதினான்கு இருந்தது.

"ஏழு கொறையுதே" என்றார்.

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு விஷயம் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னேன்: "விரால் தின்னுட்டு, மாமா. பானை பத்தலன்னு பொடி மீனு அயிரைய அதோட விட்டிருந்தேன்."

"மீன மீனே தின்னுட்டுன்னு சொல்லுதே. நல்லாருக்கு!" என்றார் மதினியின் மாமனார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் வரக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. நேரே போய், படம் எழுதுவதற்கென்று துரை கொடுத்தனுப்பியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு விராலை மாற்றினேன். ஒரு அயிரையைக் கையில் எடுத்தேன்.

"வேண்டாம்மா, பாவம்" என்றார் தாசில்தார்.

போட்டுவிட்டேன். விரால் அசையவில்லை. அயிரை இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் தண்ணீர் ஒரு குலுங்கு குலுங்கிற்று, அயிரையைக் காணோம். விரால் இருந்த இடத்திலேயே இருந்தது.

தாசில்தார் "சிவ சிவா" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு மட்டும் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சரியாத் தெரியல. இன்னொண்ணு போடு பாப்போம்" என்றார்.

ஜவுளிக்கடைக்காரர் கண்ணாடியில் மூக்கு முட்டும்படி உட்கார்ந்திருந்தார். "பைய நகரும் வே, மறைக்கீரு" என்று மதினியின் மாமனார் அவரைத் தள்ளினார்.

விசாரணை அப்படியே முடிந்தது. மறுநாள் அதே நேரத்துக்கு மூவரும் மறுபடி வந்தார்கள். "இந்தப் பக்கமா வந்தோம்" என்றார்கள். எங்கள் வீடு தெருவின் முட்டுச்சந்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் ஜவுளிக்கடைக்காரர் தம் வாழைத் தோட்டத்து மண்புழுவை வாழைஇலையில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். அன்று நான் காப்பி கொடுத்தேன், குடித்தார்கள். விரால் ஒரு நாள் இரை எடுக்கவில்லையென்றால் தாசில்தாருக்கும் இரை இறங்குவதில்லை என்று அவர் வீட்டம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். கடைசியில் மதினியும் வந்தாள், மாமனாரைக் கூப்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு. கூப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தாள்.

தை பிறந்ததும் படங்கள் முடிந்தன. மிஞ்சிய மீன்களைக் குறுக்குத்துறையில் கொண்டுபோய் விட்டோம். வழியனுப்ப மூவரும் ஜட்கா பிடித்து வந்திருந்தார்கள். விராலை நான்தான் தண்ணீரில் இறக்கினேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கலங்கின தண்ணீர் தெளியும்வரை படியிலேயே நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் துரையிடமிருந்து காகிதம் வந்தது. படங்கள் மிக நன்றாக இருக்கின்றனவாம். ஒரே ஒரு பிழையாம். கெளுத்தி மீனுக்கு மீசை எட்டு இருக்கவேண்டும், ஓவியர் ஆறுதான் எழுதியிருக்கிறாராம்.

என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இந்தக் கண்ணால எண்ணினேன். ஆறுதான் இருந்துச்சு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் எண்ணியது சரிதான். அவர் அதை எழுத உட்கார்ந்ததற்கு முந்தின நாள் பானை கழுவும்போது, ஒரு நாழிகைதானே என்று கெளுத்தியைக் குரவையோடு விட்டிருந்தேன். திரும்ப எடுக்கும்போது வலப்பக்கம் இரண்டு மீசை இல்லை. அவரிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.