மேற்குச் சுவரில் மாட்டிய ஃபேன்

காளானுக்கு மூச்சு முட்டினால் கழுத்து நீளும். குடை விரியாது, தண்டு மட்டும் காற்றைத் தேடி நீண்டுகொண்டே போகும். சிப்பிக்காளான் போட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே எங்கள் வீட்டு மேற்கு அறையில் அதைப் பார்த்துவிட்டேன். கயிற்றில் தொங்கிய வைக்கோல் பைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கழுத்துகள் எட்டிப் பார்த்தன. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அறைக்குள் காற்று கெட்டுக் கிடக்கிறது, அதை வெளியே தள்ள ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஃபேன் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் நினைப்பு. பஞ்சாலையில் பதினெட்டு வருடம் காற்றோட்டப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன். ஆலையை மூடிய பிறகுதான் ஆழ்வார்குறிச்சி வீட்டில் காளான் போட உட்கார்ந்தேன். வேலை போனாலும் வாய்க்கொழுப்பு போகவில்லை.

அம்பாசமுத்திரத்தில் எலக்ட்ரிக் கடை அண்ணாச்சி இரண்டு ஃபேன்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றுக்குப் பின்பக்கம் தகடுகள் இருந்தன. ஃபேன் ஓடினால் திறக்கும், நின்றால் தானாக மூடிக்கொள்ளும். மற்றதில் இறக்கையும் சட்டமும் மட்டும்தான். விலை ஏறக்குறையப் பாதி, கரண்டும் கொஞ்சமாகத்தான் இழுக்கும். அறையின் நீள அகல உயரத்தை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அந்தச் சின்ன மோட்டாரே தாராளம். கணக்கில் தப்பில்லை. இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

"எந்தச் சுவத்துல மாட்டப் போறீரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"மேக்கதான் அண்ணாச்சி. மத்த பக்கமெல்லாம் வீடு."

"அப்பம் தகடு வச்சத வாங்கிக்கிடும்வே. ஆனி ஆடியில உங்க ஊருல மேக்கேயிருந்து வார மேகாத்து என்ன போடு போடும்னு தெரியும்லா? இந்த மோட்டாரு அதுக்கு எதுத்து நிக்காது."

"நான் மில்லுல எத்தன ஃபேன் கழத்தி மாட்டுனவன் தெரியுமா அண்ணாச்சி?"

"சரிவே. பொறவு நான் சொல்லலன்னு சொல்லப்பிடாது" என்று மலிவு ஃபேனைப் பெட்டியில் போட்டுக் கட்டினார்.

பங்குனியில் மாட்டினேன். ஆலையில் செய்வது போலவே சட்டத்தில் சிவப்புப் பெயிண்டால் ஓர் அம்புக்குறி வரைந்தேன். காற்று இந்தத் திசையில் வெளியே போகும் என்பதற்கான அடையாளம் அது. பிறகு தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, ஃபேனுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். தாள் வெளிப்பக்கமாக இழுபட்டது. மேற்கு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அதன் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. வீட்டின் நல்ல காற்று அந்த வழியாக உள்ளே வந்து, கெட்ட காற்று ஃபேன் வழியாக வயல் பக்கம் போய்விடும். அந்த அடுத்த அறையில்தான் என் மனைவி தையல் மிஷின் போட்டிருந்தாள். கதவுக்கு நேர் எதிரே அவளுடைய கட்டில்.

ஒரே வாரத்தில் காளானின் கழுத்து குறுகிக் குடை விரிந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனி பிறந்தது. மலையிலிருந்து காற்று இறங்கி, வாழைத் தோட்டங்களைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் மேற்குச் சுவரில் மோதியது. ஒருநாள் பகலில் கரண்ட் போனது. அறைக்குள் போய்ப் பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, வழக்கத்தை விட வேகமாக. ஈரத்துக்காகத் தொங்கவிட்டிருந்த சாக்குகள் நன்றாக ஆடின. நான் சத்தமாகச் சிரித்து அவளைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா, கரண்டே இல்லாம சுத்துது!"

அவள் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். "நல்லாத்தான் சுத்துது. ஆனா இந்த ரூம் வாட இப்பம்லாம் என் கட்டில் வரைக்கும் வருதுங்க."

"எப்படி வரும்? அம்பு எங்க பாக்குதுன்னு பாரு. காத்து வெளிய போகுது. எனக்கே ஃபேன் சொல்லித் தருதியாக்கும்."

அவள் தையலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். கரண்ட் மிச்சம் என்று அன்றிலிருந்து காற்றுக்காலம் முழுக்க சுவிட்சை அணைத்தே வைத்தேன். காளான் கொழுகொழுவென்று வந்தது.

தையல் மிஷினின் கறுப்பு உடம்பில் தினமும் காலையில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. அவள் துடைப்பாள்; மறுநாள் மறுபடியும் இருக்கும். காற்றுக்காலத்துப் புழுதி என்று நான் சொன்னேன். புழுதி செம்மண் நிறமாக அல்லவா இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் வறட்டு இருமல் வந்தது. ஆடியில் சாயங்காலமானால் காய்ச்சல். அவளுடைய அக்கா வீடு ஸ்ரீவைகுண்டத்தில். அங்கே ஒரு வாரம் இருந்தபோது இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. திரும்பி வந்த அன்று சாயங்காலமே உடம்பு கொதித்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததால்தான் என்று அவளையே வைதேன். காளான் பறிக்கும்போது நான் மட்டும் மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அது ஆலைப் பழக்கம். எழுதும்போது கை கூசுகிறது.

மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் மூச்சு வாங்கிப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்ட நாளில்தான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வீட்ல புறா, கோழி வளக்கீங்களா?"

"இல்ல டாக்டர், காளான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முற்றிய காளான் கண்ணுக்குத் தெரியாத வித்துப்பொடியைக் கொட்டும், சிலருடைய நுரையீரலுக்கு அது ஆகவே ஆகாது என்று நிதானமாக விளக்கினார். "அந்த அறைக் காத்து எங்க போகுது?" என்று கேட்டார்.

"வெளிய போகுது டாக்டர்" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு மேற்கு அறைக்குள் போனேன். வெளியே காற்று ஊளையிட்டது. சுவிட்ச் அணைந்திருந்தது, ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. தாளை நீட்டினேன். அது என் முகத்தில் வந்து அடித்தது. குனிந்து கதவின் அடியில் வைத்தேன். கையை விட்டுப் பறந்து இடைவெளி வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். தாள் அவளுடைய கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சிவப்பு அம்பு மட்டும் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பைகளையெல்லாம் அப்புறப்படுத்தி அறையைக் கழுவினேன், ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசினேன். காய்ச்சல் நின்றது, மூச்சிரைப்பு நிற்கவில்லை. நுரையீரலில் விழுந்த தழும்பு அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இது மறு வருடத்து வைகாசிக் கடைசி. மேகாற்று எந்த நாளும் இறங்கலாம். நேற்று மத்தியானம் அவள் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே நின்று நின்றுதான் வார்த்தை வருகிறது.

"அந்தக் காளான் ரூம் ஃபேனு... பரண்லதான கெடக்கு?"

"ஏன்?"

"அத இந்தச் சன்னல்ல மாட்டுங்க. கரண்டு போனாலும் சுத்தும்லா. எனக்குக் கொஞ்சம்... காத்து வரும்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி சொன்னது, நான் கேட்காதது, மேகாற்று தள்ளி ஃபேன் திரும்பிச் சுற்றியது, தாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் அழவில்லை. என்னை வையவும் இல்லை.

"அன்னைக்கே சொன்னேன்லா," என்றாள், "வாட வருதுன்னு."

அவ்வளவு பேசியதே அதிகம். அடுத்த மூச்சுக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளுடைய கழுத்து நீண்டது.