சிங்கி மீன் குத்திய ஞாயிற்றுக்கிழமை

கார்டன் ரீச்சில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு குளம். கோடை வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி, முழங்கால் அளவு சேறுதான் மிஞ்சும். அப்போது அக்கம்பக்கத்து வங்காளி ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, மாகுர், சிங்கி என்று மீசை வைத்த மீன்களாகப் பிடிப்பார்கள். சிங்கிதான் நம் ஊர்த் தேளி. செவுளுக்குப் பக்கத்தில் விஷமுள் உண்டு. நான் இதையெல்லாம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி; சேறு அப்பிய முதுகுகளில் யார் யாரென்று தெரியாது. நாங்கள் சைவம். முட்டை போட்ட கேக்குகூட வீட்டுக்குள் வராது.

போன வருஷம் ஒரு ஞாயிறு. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று என் கணவர் கிளம்பிப் போயிருந்தார். நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பௌதி வந்து கதவை இடித்தார். இங்கே அண்ணி முறைக்காரர்களை பௌதி என்றும் அண்ணன் முறைக்காரர்களை தாதா என்றும்தான் கூப்பிடுவோம்.

"சீக்கிரம் வா! தாதா கையைச் சிங்கி குத்திடுச்சு!"

"எந்த தாதா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர்தான்!"

பௌதியின் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். யாருடைய லுங்கியோ இடுப்பில். தொடை வரை சேறு. வலது கையைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஏழெட்டுக் கறுப்பு மீன்கள் புரண்டன.

"எல்லாம் தாதா பிடிச்சது," என்றார் பௌதி. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டு டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி குத்தியிருக்கா?"

என் பக்கம் திரும்பாமலே என் கணவர் சொன்னார்: "ரெண்டு தடவை."

வெளியே வந்ததும், "பிடிச்சு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"பௌதி சமைப்பாங்க."

"நீங்க?"

"சாப்பிடுவேன். நாலு வருஷமா."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு ஒதுங்கத் தோன்றவில்லை.

பிறகு அவரே சொன்னார். "உங்கம்மா ஆபரேஷனுக்கு நீ திருநெல்வேலி போயிருந்தியே, அப்ப எனக்கு மஞ்சக்காமாலை. எழுந்து உக்கார முடியல. பௌதி வாழைக்காய் போட்டுத் தண்ணியா ஒரு குழம்பு கொண்டு வந்தாங்க. இங்க நோயாளிக்கெல்லாம் சிங்கி மீன் குழம்புதானாம். மொத நாள் என்னன்னு தெரியாம குடிச்சேன். மறுநாள் தெரிஞ்சே குடிச்சேன். பசிச்சுது."

மீன் விஷயம் அந்த இடத்திலேயே எனக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒரு மாதம் படுத்துக் கிடந்த மனிதரோடு நான் தினமும் போனில் பேசியிருக்கிறேன். "நல்லா இருக்கேன், தோசை வார்த்துக்கிட்டேன்" என்பார். தொட்டுக்க என்ன என்று கேட்டிருக்கிறேன். சட்னி என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குரலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

பௌதியோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் போய்க் கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். அம்மாவை அப்படியே விட்டுட்டு நீ ஓடி வந்துடுவியாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஒரு நாள் மத்தியானம் நல்ல ஜுரம். உங்க பாஷையில ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். தண்ணி, தண்ணின்னு. எனக்குப் புரியல. போர்வையைக் கொடுத்தேன், போனைக் கொடுத்தேன், மாத்திரையைக் கொடுத்தேன். கடைசியில செம்பைக் காட்டினார். அப்பதான் அது எங்க பாஷை ஜல்னு தெரிஞ்சுது. பாவம், எவ்வளவு நேரம் கேட்டிருக்கார்!"

அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

கை வீக்கம் வடிய ஒரு வாரமாயிற்று. இந்த வருஷமும் குளம் வற்றியிருக்கிறது. "இறங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டே போகிறார். சரி என்கிறேன். குளத்துப் பக்க ஜன்னலைத்தான் இன்னும் என்னால் திறந்து பார்க்க முடியவில்லை; அந்த "தண்ணி, தண்ணி" காதில் விழுந்துவிடும்.